நிலைத்த வேலையும் நிலையா வேலையாளும்

தொழிலை நாடுவோனும் தொழிலாளியை நாடுவோனும் ஒருவரையொருவர் அறியாதிருக்கும் இடத்தில், இருவரையும் இணைத்து வைக்கும் மூன்றாமவன் ஒருவன் தோன்றுதல் உலக இயல்பு. தரகன், கங்காணி, மேஸ்திரி, ஒப்பந்தக்காரன், முகவன் எனக் காலந்தோறும் இடந்தோறும் மக்கள் அவனுக்கு வேறுவேறு பெயர் இட்டுள்ளனர். இன்று இலங்கையில் அவனுக்கு வழங்கும் பெயர் ‘மேன்பவர்’ என்பதாம். பெயர்கள் பலவாயினும், இம்மூன்றாமவன் செய்யும் உதவி யாது, அவ்வுதவிக்குரிய விலையை இறுப்பவர் யார், தொழிலாளிக்குப் பொறுப்பாளி யார் என்னும் வினாக்கள் எக்காலத்தும் ஒன்றாகவே உள்ளன. அவற்றுக்கு முற்காலமும் இக்காலமும் அளித்த விடைகளை ஒப்புநோக்கி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாராய்ச்சிக்குக் கண்டிப் பகுதியைக் காட்டிலும் பொருத்தமான நிலம் வேறில்லை எனலாம். கட்டுகாஸ்தோட்டையிலிருந்து வத்தேகமைக்குச் செல்லும் வழியில் அமைந்த மடவளை என்னும் ஊரை எடுத்துக்கொள்வோம். அது கடைத்தெருவாற் பெயர்பெற்ற ஊர். அதற்கு அப்பால் வத்தேகமை, பன்விலை மலைச்சரிவுகளிலே தேயிலைத் தோட்டங்கள் உள்ளன. மறுபுறத்தே பல்லேகலையில் முதலீட்டுச் சபையின் கைத்தொழிற் பேட்டை இயங்குகின்றது. கண்டி நகரமோ விடுதிகளும் மருத்துவமனைகளும் பெருங்கடைகளும் நிறைந்தது. எசலப் பெரஹெரா நிகழும் நாட்களில் விடுதிகளுக்கு வழக்கத்தினும் மிகுதியான ஆட்கள் வேண்டப்படுவர். ஆகவே, இத்தகைய ஊரிலே கல்வியை முடித்த இளைஞன் ஒருவனுக்கு வேலை பல திசைகளிலும் உண்டு. ஆயின் அவ்வேலையை அடையும் வாயில் பல வேளைகளில் ஆள்வழங்கும் நிலையமாகவே இருக்கின்றது. அவ்வாயிலுட் புகுமுன் அதன் அமைப்பை அறிந்து புகுதல் அறிவுடைமையாம்.

வேலைவாய்ப்புத் தரும் நிலையங்கள் இருவகைப்படும். தொழிலாளியையும் தொழில்தருநரையும் அறிமுகஞ் செய்து வைத்து, அம்மட்டில் விலகிக்கொள்வது முதல் வகை. அறிமுகம் முடிந்தபின் தொழிலாளிக்கும் அந்நிலையத்துக்கும் தொடர்பு யாதுமில்லை. தொழிலாளியைத் தன் பெயரேட்டிலே பதிந்து, தானே சம்பளம் கொடுத்து, அவன் உழைப்பை மட்டும் வேறொரு நிறுவனத்துக்கு வழங்குவது இரண்டாம் வகை. இதனைத் தற்காலிக ஆள்வழங்கு நிலையம் என்கிறோம். முன்னதில் உறவு இருவருக்கிடையது. பின்னதில் உறவு மூவருக்கிடையது. வேலையை ஏவுபவர் ஒருவர். கூலியைக் கொடுப்பவர் மற்றொருவர். இவ்விரு கடமையும் ஒருவரிடத்தே சேர்ந்திருந்த காலத்தில் ‘என் முதலாளி யார்?’ எனத் தொழிலாளி வினவ வேண்டியதில்லை. அவை பிரிந்தவுடன் அவ்வினா எழுகின்றது. தற்காலிக வேலையைப் பற்றிய சிக்கல்கள் அனைத்தும் இவ்வொரு பிரிவினின்றே கிளைக்கின்றன.

இப்பிரிவு புதியதன்று, கண்டி மலைநாட்டில் அதற்கு ஏறத்தாழ 200 ஆண்டு வரலாறு உண்டு. 1815-இல் கண்டி அரசு ஆங்கிலேயர் கைப்பட்டபின், 1820-களில் கம்பளைக்கு அணித்தாயுள்ள சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கோப்பி பயிரிட்டார். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் மலைக்காடுகள் அழிந்து கோப்பித் தோட்டங்கள் பெருகின. அத்தோட்டங்களுக்கு வேண்டிய ஆட்கள் தென்னிந்தியாவின் தமிழ் மாவட்டங்களிலிருந்து வந்தனர். தோட்டத்துத் துரைக்குத் தமிழ்நாட்டுக் கிராமங்கள் தெரியா. கிராமத்து ஏழைக்குக் கண்டி மலை தெரியாது. இரண்டையும் அறிந்த ஒருவன் இடையே தேவைப்பட்டான். அவனே கங்காணி.

கண்காணி என்னுஞ் சொல் பழமையானது. சோழர் காலக் கல்வெட்டுக்களிலே கோயிற் காரியங்களை மேற்பார்வை செய்தாரைக் கண்காணி செய்வார் எனக் குறிக்கும் வழக்குண்டு. மேற்பார்வையைக் குறித்த அச்சொல் மலைநாட்டிற் கங்காணி எனத் திரிந்து, பொருளும் விரிவுற்றது. தோட்டத்திலே வேலையை மேற்பார்த்தவனும், ஊருக்குச் சென்று ஆட்களைத் திரட்டியவனும், அவர்க்கு முன்பணம் கொடுத்தவனும், வழித்துணையாய் அழைத்து வந்தவனும், துரைமுன் அவர்க்காகப் பேசியவனும் அவனே. சில்லறைக் கங்காணிமார் தத்தம் உறவினரும் ஊரவருமாகிய சிறு கூட்டங்களை நடத்தினர்; அவர்களுக்கு மேலே பெரிய கங்காணி இருந்தான். அவன் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வோராளுக்கும் இவ்வளவு எனத் தோட்டம் அவனுக்குத் தலைக்காசு கொடுத்தது. எனவே ஆட்கள் மிகுதியாக வேலைக்குச் செல்லச் செல்ல அவன் வருவாயும் மிகுந்தது. பர்மாவிலே மேஸ்திரியும் மலாயாவிலே கங்காணியும் இவ்வாறே செயற்பட்டனர்.

கோப்பிக் காலத்துக்கு இம்முறை ஒருவாறு பொருந்தியிருந்தது என்பதை ஒப்புக்கொள்ளல் வேண்டும். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்திலே ஆட்கள் மிகுதியாக வேண்டும்; பருவம் முடிந்தால் அத்தனை பேர்க்கும் வேலையில்லை. மன்னார்க் கரையில் இறங்கி, வன்னிக் காட்டையும் தம்புள்ளையையும் கடந்து, மாத்தளை வழியாக நூறு மைலுக்கு மேல் நடந்து வந்தோர் பருவ முடிவிற் பெரும்பாலும் ஊர் திரும்பினர். வழியிலே வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டோர் பலர். அத்துயர் தனியே எழுதப்படற்குரியது. ஈண்டுக் கருதத்தக்கது, அன்று வேலையும் தற்காலிகமாய் இருந்தது, வேலையாளும் தற்காலிகமாய் இருந்தான் என்பதே.

இம்முறையின் கொடுமை கடனிலே தோன்றியது. ஊரிலிருந்து புறப்படும்போது கங்காணி கொடுத்த முன்பணமும் வழிச்செலவும் தொழிலாளியின் பெயரிற் கடனாக எழுதப்பட்டன. வேலை தேடித் தருவதற்கான செலவு முழுவதும் வேலை தேடியவன் தலையிலேயே விழுந்தது. பின்னர்த் ‘துண்டு’ என்னும் ஒரு முறை வேரூன்றியது. ஒரு கங்காணி தன் கூட்டத்தோடு வேறு தோட்டத்துக்குப் பெயர விரும்பினால், அக்கூட்டத்தின் மொத்தக் கடன் இவ்வளவு, அதனைச் செலுத்தினால் ஆட்களை விடுவிப்போம் எனப் பழைய தோட்டத்தார் ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பர். அதுவே துண்டு. ஆட்தட்டுப்பாடுற்ற தோட்டங்கள் போட்டியிட்டு அத்தொகையைச் செலுத்தி ஆட்களைப் பெற்றன. கைமாறும்போதெல்லாம் புதிய முன்பணமும் சேர்ந்து தொகை வளர்ந்தது. இலாபம் கங்காணிக்கு, கடன் தொழிலாளிக்கு. மனிதர் உழைப்பு, அவர் அறியாமலே, ஒரு காகிதத் துண்டின் மேல் விலை பேசப்பட்டது.

இதற்கிடையே மலைநாட்டின் பயிரே மாறிற்று. 1867-இல் ஹேவாஹெட்டைப் பகுதியிலுள்ள லூல்கந்துரா தோட்டத்தில் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையை வாணிக முறையிற் பயிரிட்டார். 1869-இல் இலைநோய் தோன்றிக் கோப்பியைப் பற்றியது. 1880-களிற் கோப்பி வீழ்ச்சியுற, அதனிடத்தைத் தேயிலை கொண்டது. கோப்பி பருவப் பயிர். தேயிலையோ ஆண்டு முழுவதும் கொழுந்து விடுவது. ஆகவே தேயிலைக்கு வேண்டியவர் வந்து போகும் ஆட்களல்லர். குடும்பத்தோடு தங்கி உழைக்கும் ஆட்களே. வேலை நிலைத்தது, மக்களும் லயன்களிலே நிலைத்தனர். ஆயினும் பருவ வேலைக்கென அமைந்த கங்காணி முறை நீங்கவில்லை. தேவை மறைந்த பின்னும் இடையாள் நின்றான். அவன் கணக்கும் நின்றது. இவ்வரலாற்றின் உயிர்நிலை இதுவே. தற்காலிக வேலைக்கு ஏற்ற ஓரமைப்பு நிலையான வேலையின் மேல் ஏறி அமரும்போதுதான் அது பாரமாகின்றது.

அப்பாரத்தைக் குறைக்கும் முயற்சிகள் மெல்ல நடந்தன. 1854-இற் கண்டியிலே தோன்றிய தோட்டச் சொந்தக்காரர் சங்கம், ஆட்திரட்டலை ஒழுங்குபடுத்த வேண்டி, 1904-இல் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு இலங்கைத் தொழில் ஆணையகத்தை அமைத்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரவில்லை ஒன்றைப் பெற்ற தொழிலாளி, அதனைக் காட்டிக் காசின்றிப் பயணஞ் செய்து தோட்டத்தை அடையும் ஏற்பாடும் வழக்கில் வந்தது. 1921-இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927-ஆம் ஆண்டு 27-ஆம் இலக்கச் சட்டம் இந்தியத் தொழிலாளர்க்குக் குறைந்தபட்சக் கூலியை விதித்தது. கோ. நடேசய்யர் போன்றோர் கங்காணியின் ஆதிக்கத்தை எதிர்த்து எழுதியும் பேசியும், 1931-இல் தோட்டத் தொழிலாளர்க்கெனத் தனிச் சங்கம் கண்டும் உழைத்தனர். 1939-இல் இந்திய அரசு இலங்கைக்கு ஆட்கள் செல்வதைத் தடை செய்தபின் கங்காணியின் ஆட்திரட்டற் தொழிலும் ஓய்ந்தது.

இவ்வரலாறு கற்பிக்கும் பாடங்கள் மூன்று. வேலை தேடித் தரும் செலவைத் தொழிலாளி மேற் சுமத்தினால் அது கடனாகி அவனைக் கட்டும் என்பது ஒன்று. இடையாளின் வருவாய் தலைக்கணக்கில் அமைந்தால், தொழிலாளி அவனுக்கு மனிதனாகத் தோன்றாது எண்ணாகவே தோன்றுவான் என்பது மற்றொன்று. வேலை நிலைத்ததாயின் வேலையாளையும் நிலைத்தவனாகக் கொள்ளல் வேண்டும் என்பது மூன்றாவது. உலக நாடுகள் வேறு வழிகளாற் சென்று இம்முடிவுகளையே அடைந்தன.

சர்வதேசத் தொழில் தாபனம் 1919-இல் தோன்றிய ஆண்டிலேயே, வேலையின்மை பற்றிய தன் இரண்டாம் உடன்படிக்கையில், கட்டணமில்லாத அரசாங்க வேலைவாய்ப்பு நிலையங்களை நாடுகள் நிறுவவேண்டும் என வகுத்தது. 1933-ஆம் ஆண்டு உடன்படிக்கை ஒருபடி மேலே சென்று, இலாப நோக்கோடு கட்டணம் பெறும் நிலையங்களை ஒழிக்க வேண்டும் என்றது. 1944-இற் பிலடெல்பியா நகரிற் கூடிய அத்தாபனத்தின் மாநாடு, உழைப்பு விற்பனைப் பண்டம் அன்று என்னும் கொள்கையைத் தன் பிரகடனத்தின் தலைமேல் வைத்தது. ஆயின் 1949-ஆம் ஆண்டு உடன்படிக்கையில், அத்தகைய நிலையங்களை ஒழிப்பதோ ஒழுங்குபடுத்துவதோ அவ்வந்நாட்டின் விருப்பம் என நெகிழ்வு காட்டப்பட்டது.

அந்நெகிழ்வுக்குக் காரணமான மாறுதல் மேல்நாடுகளிலே தோன்றிக்கொண்டிருந்தது. 1948-இல் ஐக்கிய அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் எல்மர் வின்டர், ஆரன் ஷைன்பெல்ட் என்னும் வழக்கறிஞர் இருவர் ‘மேன்பவர்’ என்னும் பெயருடைய கொம்பனியைத் தொடங்கினர். எழுத்தர் நோயுற்ற நாளில் மாற்றாள் அனுப்புதல், கணக்கு முடிக்கும் வாரத்தில் மேலதிக ஆட்களை வழங்குதல் போன்றவையே இத்தொழிலின் தொடக்கம். அக்கொம்பனியின் பெயர் உலகெங்கும் பரவி, இலங்கையிலே கொம்பனியைக் குறியாது அத்தொழிலையே குறிக்கும் பொதுச்சொல்லாக நிலைத்துவிட்டது. இவ்வளர்ச்சியைக் கண்ட சர்வதேசத் தொழில் தாபனம் 1997-இல் தன் 181-ஆம் உடன்படிக்கையால் தனியார் நிலையங்களை ஏற்றுக்கொண்டது. ஆயினும் இரு நிபந்தனைகளை இட்டது. நேராகவோ மறைமுகமாகவோ தொழிலாளியிடம் கட்டணம் பெறலாகாது என்பது பொதுவிதி. குறைந்தபட்சக் கூலி, வேலை நேரம், சமூகப் பாதுகாப்பு, விபத்து நட்டஈடு, மகப்பேற்றுப் பாதுகாப்பு ஆகியவற்றில் நிலையத்தின் பொறுப்பு எது, ஆட்களைப் பயன்படுத்தும் நிறுவனத்தின் பொறுப்பு எது எனச் சட்டம் வரையறுக்க வேண்டும் என்பது அடுத்தது.

இலங்கையில் 1956-ஆம் ஆண்டு 37-ஆம் இலக்கச் சட்டம் கட்டணம் பெறும் வேலைவாய்ப்பு முகவர் நிலையங்களைக் குறித்து இயற்றப்பட்டது. பின்னர் வளைகுடா நாடுகளை நோக்கி மக்கள் செல்லலாயினர். 1985-ஆம் ஆண்டு 21-ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டு, அனுமதிப்பத்திரமின்றி எவரும் வெளிநாட்டுக்கு ஆட்களை அனுப்பலாகாது என விதிக்கப்பட்டது. உள்நாட்டிலோ, 1978-இற் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் தோன்றியபின் கைத்தொழிற் பேட்டைகள் பெருகின. அவற்றைச் சூழ்ந்து ஆள்வழங்கும் நிலையங்களும் பெருகின. தையற்சாலை, பொதிகட்டும் சாலை, துப்புரவு, காவல், விடுதிப் பணி என அவற்றின் துறைகள் பலவாம்.

இத்தொழிலின் கணக்கு எவ்வாறு அமைகின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டாற் காணலாம். தொகைகள் விளக்கத்துக்காகக் கொண்டவை. ஒரு தொழிற்சாலை ஓராளின் ஒருநாள் உழைப்புக்கு நிலையத்துக்கு 2,000 ரூபா கொடுக்கின்றது எனக் கொள்வோம். நிலையம் தொழிலாளிக்கு வைத்த நாட்கூலி 1,500 ரூபா. ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்தருநர் 12 வீதமும் தொழிலாளி 8 வீதமும் செலுத்தல் வேண்டும். ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குத் தொழில்தருநர் 3 வீதம் செலுத்தல் வேண்டும். எனவே நிலையம் தன் பங்காக 180 ரூபாவும் 45 ரூபாவும் செலுத்தியபின் அதன் செலவுக்கும் இலாபத்துக்கும் எஞ்சுவது 275 ரூபா. தொழிலாளியின் பங்கு 120 ரூபா கழிய, அவன் கைக்கு வருவது 1,380 ரூபா. இக்கணக்கு நேர்மையாக நடந்தால் இதிற் குற்றமில்லை. ஆயின் நிதிப்பணத்தைச் செலுத்தாது விடுவானாயின், இடையாளுக்கு 275 ரூபா 500 ஆகின்றது. தொழிலாளியின் 120 ரூபாவையும் கழித்து வைத்துக்கொண்டால் அது 620 ஆகின்றது. தொழிற்சாலை கொடுக்கும் 2,000 ரூபாவைத் தொழிலாளி ஒருநாளும் காண்பதில்லை. ஆகவே இழந்தது எவ்வளவு என்பதையும் அவன் அறிவதில்லை. அன்றைத் தலைக்காசும் தொழிலாளி காணாத காசாகவே இருந்தது என்பதை ஈண்டு நினைவுகூரல் தகும்.

பணத்தினும் பெரிய இழப்பு காலக்கணக்கிலே உண்டாகின்றது. இலங்கைத் தொழிற் சட்டங்கள் பலவும் சேவைக் காலத்தையும் ஆட்தொகையையும் அளவுகோலாகக் கொண்டவை. 1971-ஆம் ஆண்டு 45-ஆம் இலக்கச் சட்டம், தொழிலாளியின் இசைவோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இன்றி அவனை ஆட்குறைப்புச் செய்தலைத் தடுக்கின்றது. ஆயின் பன்னிரண்டு மாதத்துள் 180 நாளேனும் வேலை செய்யாதவனுக்கும், பதினைவர்க்குக் குறைந்தோரை வேலைக்கு வைத்திருப்பவரிடம் உழைப்பவனுக்கும் அக்காப்பு இல்லை. 1983-ஆம் ஆண்டு 12-ஆம் இலக்கப் பணிக்கொடைச் சட்டத்தின்படி பணிக்கொடை பெற ஐந்தாண்டுச் சேவை முற்றுதல் வேண்டும். ஒரே தொழிற்சாலையில் ஒரே பொறியின் முன் ஆறாண்டு நின்றவன் ஒருவனை எண்ணிப் பார்ப்போம். அவன் பெயர் சில மாதத்துக்கு ஒருமுறை ஒரு நிலையத்தின் ஏட்டிலிருந்து இன்னொன்றின் ஏட்டுக்கு மாற்றப்பட்டால், ஒவ்வொரு முறையும் அவன் முதல் நாட் தொழிலாளியாகவே காட்டப்படுவான். அவன் உழைப்பு தொடர்ந்தது. ஏட்டில் அவன் சேவை தொடரவில்லை. பொறி நிலையானது, வேலை நிலையானது. அவன் மட்டும் தற்காலிகன். கோப்பி போய்த் தேயிலை வந்தபின்னும் நின்ற பழைய முறையின் புதிய வடிவம் இது.

நெருக்கடிக் காலத்தில் இதன் விளைவு வெளிப்படத் தெரியும். யப்பான் 1985-இற் சட்டம் இயற்றி, தனித்திறன் வேண்டும் சில தொழில்களுக்கு மட்டும் ஆள்வழங்கலை அனுமதித்தது. 1999-இல் அவ்வரம்பு தளர்ந்தது. 2004-இல் தொழிற்சாலைகளுக்கும் திறந்துவிடப்பட்டது. 2008-இல் உலகப் பொருளாதாரம் சரிந்தபோது இவ்வாறு வழங்கப்பட்டோரே முதலில் நீக்கப்பட்டனர். வேலையோடு இணைந்த தங்குமிடத்தையும் அவர்கள் இழந்தமையால், அவ்வாண்டின் இறுதி நாளிலே தோக்கியோ நகரின் ஹிபியாப் பூங்காவில் அவர்களுக்கெனக் கூடாரங்கள் அமைக்க நேர்ந்தது. 2020-இல் கொள்ளைநோய் பரவியபோது கட்டுநாயக்காவிலும் இடையாள் வழியாக நாட்கூலிக்கு வந்தோர் முதலில் வேலையிழந்தனர். அவர்க்குரிய கொடுப்பனவு யாருடைய பொறுப்பு என்னும் வினாவும் உடன் எழுந்தது.

இவ்வளவுங் கூறியது கொண்டு ஆள்வழங்கு நிலையம் எல்லாம் தீயது என முடிவு செய்தல் பொருந்தாது. அறிமுகமோ சிபாரிசோ இல்லாத இளைஞனுக்கு முதல் வேலையின் கதவை அது திறக்கின்றது. பல இடங்களில் உழைத்துப் பலவகைத் தொழிலையும் பழகும் வாய்ப்பை அளிக்கின்றது. பெரஹெரா நாட்களிலே விடுதிக்கும், விடுமுறைக் காலத்திலே மாணவனுக்கும், சில மாதங்களே உழைக்கக்கூடிய தாய்க்கும் அது பயன்படுகின்றது. வேலை உண்மையிலே தற்காலிகமாயின் தற்காலிக ஆளும் முறையே. தகுதியறிந்து ஒருவரை ஒரு தொழிலிற் பொருத்துதல் அரிய கலை. வள்ளுவரும் பொருட்பாலிலே ‘தெரிந்து வினையாடல்’ எனத் தனியதிகாரம் வகுத்தார். அக்கலையைச் செய்வோர் அதற்குரிய ஊதியத்தை ஆள் வேண்டியவரிடம் பெறுவதிற் பிழையில்லை.

ஆகவே வேண்டியது ஒழிப்பன்று, வரையறையே. அதற்குப் பிறநாட்டு முன்மாதிரிகள் உண்டு. இந்தியாவின் 1970-ஆம் ஆண்டு ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரன் உரிமம் பெறவேண்டும் என்றது. அவன் கூலி கொடுக்கத் தவறினால், வேலையை வாங்கிய முதன்மைத் தொழில்தருநரே கொடுத்துவிட்டுப் பின்னர் அவனிடம் அறவிட்டுக்கொள்ள வேண்டும் எனவும் விதித்தது. கூலி வழங்கும்போது அவர் சார்பில் ஒருவர் உடனிருத்தல் வேண்டும் என்பதும் அதன் விதி. 2020-இல் நிறைவேறிய தொழிற் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பில் அச்சட்டம் உள்ளடக்கப்பட்டது. இந்திய உச்ச நீதிமன்றம் 2001-இல் இந்திய உருக்கு ஆணையத்தின் வழக்கில் அளித்த தீர்ப்பில், ஒப்பந்தமுறை ஒரு வேலையில் தடுக்கப்பட்டதனால் மட்டும் தொழிலாளர் தாமாகவே நிறுவனத்தின் ஊழியராகிவிடார் என்றது. ஆயின் ஒப்பந்தம் வெறும் போர்வையெனக் காணப்பட்டால் அவர்கள் நிறுவனத்தின் ஊழியராகவே கொள்ளப்படுவர் என்றும் கூறிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008-ஆம் ஆண்டு நெறியுரை, நிலையத்தின் வழியாக வந்தவனும் நிறுவனத்தார் நேரே அமர்த்தியிருந்தால் அவனுக்குக் கிடைத்திருக்கக்கூடிய அடிப்படை வேலை நிபந்தனைகளைப் பெறவேண்டும் என்பதைப் பொதுக்கொள்கையாகக் கொண்டது.

இலங்கைச் சட்டத்திலும் தொழிலாளிக்குப் பிடிமானம் இல்லாமலில்லை. 1950-ஆம் ஆண்டு 43-ஆம் இலக்கக் கைத்தொழிற் பிணக்குச் சட்டம், தொழில்தருநர் என்பதற்குத் தானே வேலைக்கு அமர்த்துபவரை மட்டுமன்றி, எவர் சார்பாகப் பிறரொருவர் அமர்த்துகின்றாரோ அவரையும் உட்படுத்தி வரைவிலக்கணம் கூறுகின்றது. இடையாளின் பின்னே நிற்பவரும் அப்பெயருட் படலாம் என்பது இதன் கருத்து. 1958-ஆம் ஆண்டு 15-ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியரையும் நாட்கூலியாளரையும் வேலையின் முதல் நாளிலிருந்தே தன்னுள் அடக்குகின்றது. காவற்றொழிலுக்கும் துப்புரவுத் தொழிலுக்கும் சம்பளச் சபைகள் உண்டு. தனியார் காவல் நிலையங்களுக்கு 1998-ஆம் ஆண்டு 45-ஆம் இலக்கச் சட்டம் உண்டு. 2016-ஆம் ஆண்டு 3-ஆம் இலக்கச் சட்டம் எல்லாத் தொழிற்கும் பொதுவாக ஒரு குறைந்தபட்சச் சம்பளத்தை நிறுவிற்று. உரிமை உண்டு, அதனைக் கேட்டுப் பெறுவதற்கு எழுத்திலுள்ள சான்று வேண்டும் என்பதே நடைமுறை.

எனவே நிலையத்தின் வாயிலை அணுகுவோன் சில வினாக்களை முதலிலே கேட்டறிதல் நன்று. வேலை தருவதற்கு அவனிடம் பணம் கேட்கப்படுகின்றதா? நியமனக் கடிதம் யார் பெயரில் எழுதப்படுகின்றது? சம்பளச் சீட்டு மாதந்தோறும் கிடைக்குமா? சேமலாப நிதியில் அவன் உறுப்பினர் இலக்கம் யாது? வேலையிடத்தில் விபத்து நேர்ந்தால் யாரை அணுகுவது? ஒப்பந்தம் எந்நாளில் முடியும், முடிந்தபின் அதே வேலைக்கு மீண்டும் அழைக்கப்பட்டால் முன்னைச் சேவை கணக்கிடப்படுமா? நேர்மையான நிலையத்தார் இவற்றுக்கு விடை கூறத் தயங்கார். விடை கூறத் தயங்குமிடத்தில், வேலைக்கு வந்த நாள், நேரம், பெற்ற தொகை ஆகியவற்றைத் தொழிலாளி தானே ஒரு கையேட்டிற் குறித்து வைத்தல் பயன்தரும். பிணக்கு எழுமாயின் தொழில் திணைக்களத்தின் கண்டி அலுவலகத்தில் முறையிடும்போது அக்குறிப்பே அவனுக்குத் துணையாகும்.

இனி, கற்றோர்க்கும் தொழிலதிபர்க்கும் உரிய கடமை ஒன்றுண்டு. ஆள்வழங்கு நிலையத்தை நாடும் நிறுவனம், நிரப்ப வேண்டிய இடம் பருவத்துக்குரியதா நிலையானதா எனத் தன்னையே வினாவிக்கொள்ள வேண்டும். பருவத்துக்குரியதாயின் இடையாளின் உதவி தக்கதே. நிலையானதாயின், ஆண்டுக்கணக்கில் ஒருவன் உழைப்பைப் பெற்றுக்கொண்டு அவனைத் தன் ஆளல்லன் எனக் கைவிரித்தல் அறமாகாது. பழைய துண்டுச் சீட்டிலே தொழிலாளியின் பெயருக்கு எதிரே கடன் எழுதப்பட்டிருந்தது. புதிய ஏடுகளிலோ அவன் பெயருக்கு எதிரே ஆறாண்டு உழைப்பும் எழுதப்படாமற் போகின்றது. முன்னதை ஒழிக்க மலைநாட்டுத் தொழிலாளர் 1921 வரை காத்திருக்க நேர்ந்தது. பின்னதைத் திருத்தப் புதிதாக ஒரு கொள்கையைத் தேட வேண்டியதில்லை. உழைப்பவன் பெயரையும் அவன் சேவைக் காலத்தையும் ஏட்டில் மறையாது எழுதுதலும், இடையாள் தவறியவிடத்து அவ்வுழைப்பைப் பெற்றவரே பொறுப்பேற்றலும் போதியனவாம்.